குறிப்பு என்கிற கட்டம்

திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு வந்த கடிதத்தில்
மூன்றே வரி.
இரண்டாவது வரி, சொந்தக் காரணங்களுக்காக.
கையெழுத்து மட்டும் நீளம்: தமிழ்க்கோதை,
அவசரப் பிரிவு, தாராபுரம்.

இந்த வருஷத்தில் இது மூன்றாவது.
முதல் கடிதத்துக்கு யோகா வகுப்பு வைத்தேன்,
காலை ஆறரைக்கு, மாடி ஹாலில், பாய் விரித்து.
நைட் டூட்டி முடித்து வந்த ஹம்சவேணி சிஸ்டர்
சவாசனத்திலிருந்து எழவே இல்லை.
குறட்டை கேட்டு மற்றவர்கள் பூனை நடையில் கலைந்தார்கள்.
இரண்டாவது கடிதத்துக்குக் கேடயம்.
மாதத்தின் சிறந்த பணியாளர்.
ஆனிக் காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க
ஆக்சிஜன் ரூம் கதவுக்கு இப்போது அதுதான் முட்டு.

இந்த முறை எதுவும் வைக்கவில்லை.
உட்காரச் சொன்னேன். டீ வந்தது.
கடைசியாக எந்த நோயாளி தூக்கத்தில் வந்தார் என்று கேட்டேன்.

யோசிக்கவே இல்லை அவள்.
"குண்டடம் பக்கத்துப் பையன், மேடம்.
மக்காச்சோளத்துக்கு அடிக்கிற மருந்தைக் குடிச்சவன்.
குழாய் போட்டு நூத்தியெட்டுல ஏத்தி
பல்லடம் வரைக்கும் வலது கை, அப்புறம் இடது கை,
பையை அமுக்கிக்கிட்டே போனேன்.
கோயமுத்தூர்ல உள்ளே எடுத்தாங்க.
கதவு சாத்துச்சு.
அதே வண்டியில திரும்பி வந்து எட்டு மணி ஓ.பி. பார்த்தேன்."

அப்புறம்?
"அப்புறம் தெரியாது, மேடம்."
டீயில் ஆடை கட்டியிருந்தது.
"யாரோடதும் தெரியாது."

அவள் போன பிறகு மேல்சிகிச்சைப் பதிவேட்டை வரவழைத்தேன்.
ஏழு வருஷமாக அதன் மாதக் கடைசிப் பக்கத்தில்
மொத்தம் போட்டுக் கையெழுத்திடுகிறவள் நான்.
பெயர், வயது, ஊர், செல் நம்பர்,
பாம்பா பைக்கா பனியன் மெஷினா,
அனுப்பிய நேரம்.
ஒன்பதாவது கட்டத்துக்குத் தலைப்பு, குறிப்பு.
பக்கம் பக்கமாக வெள்ளை.

செவ்வாய்க்கிழமை புள்ளிவிவரக் கூட்டத்தை ரத்து செய்தேன்.
மேலிடத்துக்கு என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.
அந்த ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு
என் போனிலிருந்தே கூப்பிட்டேன்.

பதினாலு எண்கள்.
நான்கு உபயோகத்தில் இல்லை.
ஒருத்தர், "லோனு வேண்டாமுங்க" என்று வைத்துவிட்டார்.
கட்டுவிரியன் கடித்த அங்காத்தாள்
சின்ன வெங்காயம் அறுக்கப் போயிருந்தாள்;
போனை எடுத்த மருமகன் பயந்து
"ஆஸ்பத்திரியா? நாங்க ஒரு தப்பும் பண்ணலீங்களே" என்றான்.
இரண்டு வீடுகளில் மாலை போட்ட படம்.
அதில் ஒரு வீட்டில் நானும் அந்த அம்மாவும்
வெகுநேரம் வெறும் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

குண்டடம் எண்ணைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பயம்தான்.
அவன் தாய் எடுத்தாள்.
பின்னால் காற்றாலை இரைச்சல், ஓர் ஆடு.
"இருக்கறானுங்க.
தொண்டைதான் கம்மிப் போச்சு, பேச்சு செரியா வரலீங்க.
கம்மங்கூழு எறங்குது.
அந்தப் புள்ளெ, பையை அமுக்கிக்கிட்டே வந்துச்சே,
அதுக்குக் கை என்னமா வலிச்சிருக்கும்னு
எனக்கு ஒரே வெசனமுங்க."

எழுதினேன்,
கை வலி உட்பட, அவள் சொன்னது சொன்னபடி.
இறந்த இருவரையும் எழுதினேன்.
பென்சிலில் தொடங்கி, கூடாதென்று, மையில்.
பதிவேட்டை அவசரப் பிரிவு மேஜையில்
திறந்த வாக்கில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பொழுதோட எட்டிப் பார்த்தேன்.
தமிழ்க்கோதை விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள்,
அவள் தோளுக்கு மேல் ஹம்சவேணி.
குண்டடத்தில் விரல் நின்றது.
இடது கை தன்னையறியாமல்
வலது மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.
கீழே போய், இறந்த ஒருவரின் வரியில்
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
"இந்த வீட்டுக்கு நான் பேசறேன், மேடம்.
அன்னிக்கு அனுப்பினது நான்தான்.
அடுத்த செவ்வாய் அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேணும்."

கடிதம் இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது.
அவள் திருப்பிக் கேட்கவில்லை.
நான் மேலே அனுப்பவுமில்லை.

வாசலில் வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
ஹம்சவேணி புது வரிக்கு எண் போட்டாள்.